ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்கு: வேலைக்கு முன் இருபது நிமிடம்

கணக்கை முடிக்க உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே கை போனைத் தேடுகிறதா? ஏடிஎச்டி, அதாவது கவனம் சிதறுவதும் அடங்காத துடிப்பும் கொண்ட நிலை உள்ளவர்கள், உட்காருவதற்கு முன் 20 நிமிடம் மூச்சு வாங்க உடம்பை அசைத்தால், அதன் பின் கொஞ்ச நேரத்துக்கு மனம் ஓரிடத்தில் நிற்பது எளிதாகும். மூளையில் டோபமைன், நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனங்கள் கூடுவதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஏடிஎச்டி மாத்திரைகள் பெரும்பாலும் வேலை செய்வதும் இவற்றின் மீதுதான். ஆனால் பயிற்சியின் பலன் சீக்கிரம் வடிந்துவிடும். அதை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சீக்கிரம் வடிவதால் நேரக்கணக்கு முக்கியம். 9 மணிக்குக் கடினமான வேலை என்றால் 8.15க்குத் தொடங்கி 8.35க்கு முடித்து, குளித்துவிட்டு நேராக மேசைக்குப் போங்கள். நடுவில் செய்தி பார்க்க உட்கார்ந்தால் போச்சு.

டிரெட்மில் பலருக்குச் சீக்கிரமே சலித்துவிடும். கண், கை, கால் மூன்றுக்கும் வேலை தரும் பாட்மின்டன், சிலம்பம் போன்றவை தாக்குப்பிடிக்கும். தனியாகச் செய்ய ஸ்கிப்பிங் போதும். கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமென்றால் காலில் சிக்கும். 5 நிமிடம் வேக நடை, பிறகு 40 விநாடி குதித்து 20 விநாடி நிற்பது என 10 சுற்று, கடைசியில் 5 நிமிடம் மெதுநடை. மொட்டை மாடி சிமென்ட் தரையில் வெறுங்காலோடு குதிக்காதீர்கள். முழங்கால் வலித்தால் கயிற்றை வைத்துவிட்டு வேக நடையே போதும்.

நடையானாலும் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மீதைல்ஃபெனிடேட் போன்ற ஏடிஎச்டி மாத்திரைகள் நாடித்துடிப்பைத் தாமாகவே ஏற்றும் என்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட மூச்சை நம்பலாம். அதே மாத்திரை பசியையும் அடக்கும். வெறும் வயிற்றில் குதித்துத் தலைசுற்றாமலிருக்க அரைமணி முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

உண்மையில் பயிற்சி நின்றுபோவது தொடங்கும் இடத்தில்தான். முதல் வாரம் புது ஷூ, ஜிம்முக்கு ஒரு வருடப் பணம், வாரத்துக்கு ஆறு நாள். மூன்றாம் வாரம் ஷூ கட்டிலுக்கு அடியில். முதல் இரண்டு வாரம் மூன்று நாள் மட்டும் வையுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பிறகு மெல்ல வரலாம். ஷூவும் கயிறும் இரவே வாசற்கதவருகே இருக்கட்டும். அலாரம் இரண்டு வேண்டும்: தொடங்க ஒன்று, நிறுத்த ஒன்று. மனம் வராத நாளில் நடையை மட்டும் 5 நிமிடம் முடித்துவிட்டு, மேலே போவதா என்று அப்போது பாருங்கள். விட்டுப்போன நாளை மறுநாள் இரட்டிப்பாக ஈடுகட்ட வேண்டாம்; கால் பிடித்துக்கொண்டு அதற்கடுத்த நாளும் போய்விடும்.