வயதாகும் தோலுக்கு முக எண்ணெய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

40, 50 வயதைத் தாண்டியவர்கள் முகத்துக்கு எண்ணெய் தேடத் தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. தோல் தானாகச் சுரக்கும் சீபம் என்ற எண்ணெய்ப்பசை வயதோடு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அந்தக் குறைவு நன்றாகவே தெரியும். ஆண்களுக்கு முதுமை வரைகூட அது பெரிதாகக் குறைவதில்லை. ஒரே வயதுக் கணவன் மனைவியில் அவளுக்கு முகம் கழுவியதும் கன்னம் இழுத்துப் பிடிக்கும், அவருக்கு மதியத்துக்குள் மூக்கில் எண்ணெய் வழியும். இழந்ததை வெளியிலிருந்து ஈடுகட்டலாம் என்ற எண்ணம் பாதி சரி. தவறுகள் எல்லாம் மீதிப் பாதியில்தான் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் தாய் போன்ற தவறு, எண்ணெய் தோலுக்கு ஈரம் தரும் என்று நம்புவது. எண்ணெயில் நீர் கிடையாது. காய்ந்த முகத்தில் நேராக எண்ணெயைத் தடவினால் முகம் பளபளக்கும், தொட்டால் வழுவழுப்பாக இருக்கும், உள்ளே இறுக்கம் அப்படியே இருக்கும். நீரை இழுத்துப் பிடித்து வைப்பவை கிளிசரின், ஹயலூரானிக் அமிலம், யூரியா போன்றவை. எண்ணெயின் வேலை வேறு: மேல்தோலின் செல்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளை நிரப்பி மென்மையாக்கும், உள்ளே இருக்கும் நீர் ஆவியாவதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றாமல் மூடியை மட்டும் போட்டு வைத்தால் என்ன பயனோ, வறண்ட முகத்தில் வெறும் எண்ணெய்க்கும் அதே பயன்தான்.

அந்த வேலையிலும் தாவர எண்ணெய்கள் அப்படியொன்றும் சூரர்கள் அல்ல. பெட்ரோலியம் ஜெல்லி தோலிலிருந்து நீர் வெளியேறுவதை ஏறக்குறைய முழுதாக, அதாவது 98% வரை தடுக்கும் என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எண்ணெய்களுக்கு அந்த அளவு 20 முதல் 30% தான். ஆகவே, முகம் கழுவித் துண்டால் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போட்டு, அதற்கு மேல் எண்ணெய் என்பதுதான் சரியான வரிசை. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் ஏராளம். முதலில் எண்ணெய், பிறகு நீர் சார்ந்த சீரம் என்று போட்டால் சீரம் தோலைச் சரியாகத் தொடாமல் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும்.

மாய்ஸ்சரைசரை விட்டுவிட்டு எண்ணெய்க்கு மட்டும் மாறுவதும் இதே குழப்பத்தின் விளைவுதான். தோலின் வெளியடுக்கில் உள்ள கொழுப்பில், எடைக் கணக்கில், ஏறத்தாழ பாதி செராமைடு என்ற கொழுப்பு வகை, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். வயதாகும்போது இந்த மூன்றுமே குறைகின்றன. தாவர எண்ணெய் தருவது முக்கியமாகக் கொழுப்பு அமிலங்களை மட்டுமே. மற்ற இரண்டையும் செராமைடு சேர்த்த நல்ல கிரீமிடம்தான் எதிர்பார்க்க முடியும். என்னைக் கேட்டால், ஒன்றுக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்ற நிலையில் அந்தக் கிரீமை வாங்குவேன், எண்ணெய் அப்புறம்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, மூன்று சொட்டு போதும். பத்து நிமிடம் கழித்தும் முகத்தில் வழிந்து, தலையணை உறை அதைக் குடித்துக்கொண்டிருந்தால் போட்டது அதிகம்.

எந்த எண்ணெய் என்பதில்தான் நிதானம் வேண்டும். 'இயற்கையானது, அதனால் எல்லாம் ஒன்றுதான்' என்று கைக்குக் கிடைத்ததைப் பூசிக்கொள்கிறவர்களுக்கு ஒரு செய்தி. எண்ணெய்களைத் தோலுக்கு நல்லது, அல்லாதது என்று பிரிப்பதில் அவற்றில் உள்ள கொழுப்பு அமிலங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லினோலெயிக் அமிலம் தோலே தன் தடுப்புச் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் பொருள். ஒலெயிக் அமிலம் அந்தச் சுவரின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. மருந்துகளைத் தோலுக்குள் ஊடுருவச் செய்யவே அதைச் சேர்ப்பதுண்டு. ஆலிவ் எண்ணெயில் ஒலெயிக் அமிலம்தான் பெரும்பகுதி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பெரியவர்களின் முன்கையில் தினம் இருமுறை ஆலிவ் எண்ணெய் தடவிவந்தபோது சில வாரங்களில் வெளியடுக்கின் உறுதி குறைந்தது, லேசாகச் சிவக்கவும் செய்தது. சூரியகாந்தி எண்ணெய் தடவிய இடத்தில் உறுதி குலையவில்லை, ஈரப்பதம் கூடியது. ஆய்வில் பங்கேற்றவர்கள் குறைவு என்பதால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் ஏற்கெனவே மெலிந்து, எளிதில் எரிச்சலடையும் தோலில் தினமும் ஆலிவ் எண்ணெய் பூச நான் சொல்ல மாட்டேன்.

சூரியகாந்தி என்று பெயர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ஒலெயிக் அமிலம் மிகுதியாக இருக்கும்படி வளர்த்த சூரியகாந்தி வகையும் சந்தையில் உண்டு. லேபிளைப் பார்க்க வேண்டும். ரோஸ்ஹிப் (காட்டு ரோஜாக் காயின் விதை), திராட்சை விதை எண்ணெய்களில் லினோலெயிக் தாராளம். ஜோஜோபா கண்டிப்பாகச் சொன்னால் எண்ணெயே அல்ல, திரவ மெழுகு. சீபத்திலும் அதே மெழுகு வகைப் பொருள்கள் இருப்பதால் முகத்தோடு நன்றாக ஒத்துப்போகும், எளிதில் கெடாது. வாசனையும் பிசுபிசுப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்குவாலேன் என்ற லேசான எண்ணெய். ஆர்கன் எண்ணெய்க்கு மாதவிடாய் நின்ற 60 பெண்களிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 60 நாள் தடவியபின் தோலின் மீள்தன்மை சற்று மேம்பட்டதாக அது சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் மீள்தன்மை சற்றுக் கூடுவது வேறு, சுருக்கம் மறைவது வேறு.

தேங்காய் எண்ணெய் உடம்பின் வறட்சிக்கு நன்றாகவே உதவும். முகத்தில் பரு வரும் வாகு உள்ளவர்கள் மட்டும் தயங்க வேண்டும். இந்த இடத்தில் எந்தப் பொருள் தோலின் துளைகளை எவ்வளவு அடைக்கும் என்று '0 முதல் 5 வரை' எண் கொடுத்து இணையத்தில் சுற்றும் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் எண்கள் பெரும்பாலும் முயலின் காதுக்குள் பொருட்களைத் தடவிப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தவை. முயல் காது மனித முகத்தைவிட மிக எளிதில் அடைபடும். பட்டியலில் 2 என்று இருப்பதால் நிம்மதியோ 4 என்று இருப்பதால் பயமோ கொள்ளத் தேவையில்லை. உங்கள் கன்னம் சொல்வதே கடைசித் தீர்ப்பு.

இனி, எண்ணெயிடம் அது செய்யாத வேலையைக் கேட்பது. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சுமார் 30% குறைவதாகக் கணக்கிடப்படுகிறது. அந்த இழப்பு நடப்பது தோலின் உள்ளடுக்கில். மேலே தடவும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. ஈரம் தங்கியதால் மெல்லிய கோடுகள் தற்காலிகமாகக் குறைந்து தெரியும், ஒளி நன்றாகப் படும், அவ்வளவுதான். வெயில் ஒளியால் மூப்படைந்த தோலில் வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயின் மாற்றம் தருகிறது என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986இலேயே காட்டினார்கள். அதன் உறவுக்காரனான ரெட்டினாலும் மெதுவாக அதே வழியில் வேலை செய்கிறது. ரோஸ்ஹிப் எண்ணெயை 'இயற்கை ரெட்டினால்' என்று விற்பது விளம்பரத்தின் துணிச்சல். அதில் அந்த வகைப் பொருள் இருந்தாலும் மருந்தின் அளவுக்குப் பக்கத்தில்கூட வராது.

இதிலேயே ஆபத்தான ஒரு குழப்பம் உண்டு. பாகுச்சியால் என்ற பொருளை 0.5% அளவில் 12 வாரம் பயன்படுத்தியபோது அதே அளவு ரெட்டினாலுக்கு நிகரான பலன் கிடைத்ததாக 2018இல் 44 பேரை வைத்து நடந்த ஆய்வு சொன்னது. பாகுச்சியால், கார்போக அரிசி என்ற மூலிகை விதையிலிருந்து பிரித்தெடுப்பது. 'அப்படியானால் கார்போக அரிசி எண்ணெயையே வாங்கிப் பூசலாமே' என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். வேண்டாம். அந்த விதை எண்ணெயில் சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீக்காயம் போலக் கொப்பளம் எழும்பும், கறுத்த தழும்பும் விழும். சுத்திகரித்த பாகுச்சியாலும் விதை எண்ணெயும் ஒன்றல்ல.

ரெட்டினால் போடுபவர்கள் எண்ணெயையும் போடலாம். முதலில் ரெட்டினால், அது காய்ந்ததும் மாய்ஸ்சரைசர், கடைசியில் எண்ணெய். தோல் எரிகிறது என்றால் மாய்ஸ்சரைசரை முன்பும் பின்பும் போட்டு ரெட்டினாலை நடுவில் வைக்கலாம். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

காலையில் எண்ணெய் தடவிவிட்டு 'வெயிலுக்கும் இதுவே பாதுகாப்பு' என்று வெளியே போவதை மன்னிக்கவே முடியாது. சில விதை எண்ணெய்களுக்குச் சன்ஸ்கிரீன் அளவு சக்தி இருப்பதாகச் சொல்லும் பட்டியல்கள் சுற்றுகின்றன. நம்பி வெயிலில் நிற்கக்கூடிய பாதுகாப்பு எந்தத் தாவர எண்ணெயிலும் இல்லை. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவின் நம்பூரில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டு கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோல் மூப்பு விருப்பம்போல் போட்டவர்களைவிட 24% குறைவாக இருந்தது. சுருக்கத்தைத் தள்ளிப்போடுவதில் எந்த எண்ணெய்ப் புட்டியும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வராது. சன்ஸ்கிரீனில் இரண்டு சொட்டு எண்ணெய் கலந்து பூசுவதும் தவறு. அது சீரான படலமாகப் படிவதற்காகத் தயாரிக்கப்பட்டது. கலந்தால் படலம் திட்டுத் திட்டாகும். எண்ணெயை இரவுக்கு ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்புறம் வாசனை. லாவெண்டர், ஆரஞ்சுத் தோல், டீ ட்ரீ போன்ற நறுமண எண்ணெய்கள் தாவர எண்ணெய்களிலிருந்து முற்றிலும் வேறானவை. பூ, இலை, பழத்தோல் ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் செறிவான வேதிப்பொருள்கள். அவற்றில் இருக்கும் லினலூல், லிமோனீன் ஆகியவை காற்று பட்டு மாறும்போது ஒவ்வாமையைத் தூண்டும். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயில் சோராலென் வகையைச் சேர்ந்த பெர்காப்டென் இருப்பதால் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடும். பல வருடம் ஒன்றும் செய்யாத வாசனைப் பொருள் திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போவதும் நடக்கும். வயதான தோலுக்கு வாசனையில்லாததே நல்லது. புதிய எண்ணெய் எதுவானாலும் முழங்கையின் உள்பக்கத்தில் தினம் இருமுறை, 7 முதல் 10 நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகலாம்.

காறிப்போன எண்ணெயைத் தீர்த்துவிடலாம் என்று பூசுபவர்களை என்ன சொல்வது! லினோலெயிக் மிகுந்த எண்ணெய்களின் பலவீனம் இதுதான்: சீக்கிரம் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். ரோஸ்ஹிப் முதல் வரிசையில் நிற்கும். காறல் வாடையோ பெயின்ட் போன்ற நெடியோ வந்தாலும், நிறம் மாறினாலும், முன்பில்லாத பிசுபிசுப்பு தட்டினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். கெட்ட எண்ணெய் தோலை எரிச்சலூட்டும். சின்னப் புட்டியாக, கருநிறக் கண்ணாடியில் வாங்கி, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வைக்க வேண்டும். குளியலறை அலமாரி அதற்குத் தோதான இடமல்ல. திறந்த டப்பா படத்துக்குள் '6' என்றோ '12' என்றோ எழுதியிருந்தால், திறந்தபின் அத்தனை மாதம் என்று பொருள்.

அழுத்தித் தேய்த்தால் தொங்கும் கன்னம் ஏறும் என்பது நடக்காத காரியம். மெலிந்த தோலில் தடிப்பும் கன்றலும்தான் மிஞ்சும். உள்ளங்கையில் பரப்பி மெல்ல ஒற்றினால் போதும். இமை ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். இரவில் எண்ணெய் கண்ணுக்குள் ஊர்ந்து எரிச்சலும் மங்கலும் தரும்.

சிலருக்கு எண்ணெயே ஒத்துவராது. புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்து, செதில் செதிலாக உதிர்ந்தால் அதை வறட்சி என்று எண்ணி எண்ணெயை ஊற்றுகிறார்கள். அது பெரும்பாலும் செபோரிக் டெர்மடைடிஸ் என்ற தோல் அழற்சி. அதில் பங்குவகிக்கும் மலாசீசியா என்ற பூஞ்சை கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது. பூசப் பூசப் பெருகும். அதுபோலவே முகத்தில் ஒரே இடத்தில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக ஒரு திட்டு வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தாலோ, உரிந்து உரிந்து திரும்ப வந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, எண்ணெய் போட்டு மழுப்ப வேண்டாம். வெயிலால் வரும் அத்தகைய திட்டுகளில் சில பின்னாளில் தோல் புற்றுநோயாக மாறக்கூடியவை. தோல் மருத்துவரிடம் காட்டப் போகும் அன்று முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். எண்ணெய் அந்தச் செதிலை மறைத்துவிட்டால் அவருக்கும் சரியாகத் தெரியாது.