ஐம்பத்தைந்தில் வேலையை விடுகிறீர்களா? ஹெல்த் இன்சூரன்ஸில் இந்தத் தவறுகள் வேண்டாம்

சீக்கிரம் ஓய்வு பெறுகிறவர்கள் பி.எஃப்., வட்டி, பெண் கல்யாணம் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டுக் காட்டுகிறார்கள். மருத்துவச் செலவு எங்கே என்றால், "கம்பெனி பாலிசி இருக்கே சார்!" இந்த மாதமும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். வருமானம் பார்க்காமல் கிடைக்கும் மத்திய அரசின் 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் காப்பீட்டு அட்டை 70 வயதில்தான். தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்கோ குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இடைப்பட்ட காலம் உங்கள் பாடு.

வேலையை விட்ட பிறகு பாலிசி தேடுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். கம்பெனி ஊழியர்களுக்காக எடுக்கும் குரூப் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புது பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், அதுவரை அந்த நோய்களுக்கு கிளெய்ம் கிடைக்காது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 2 ஆண்டு. இந்தக் கணக்கு பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும், கம்பெனியில் எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று புது நிறுவனம் கேட்கப் போவதில்லை.

தெரிந்தவர் ஒருவர், பல வருட சுகர்காரர், வி.ஆர்.எஸ். வாங்கிச் சில மாதம் ஊர் சுற்றிவிட்டு நிதானமாகப் பாலிசி எடுத்தார். முதல் வருடத்திலேயே காலில் புண், ஆபரேஷன். கிளெய்ம் கிடைக்கவில்லை, பி.எஃப். பணம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு சின்ன பாலிசி எடுத்திருந்தால் காத்திருப்பு அங்கேயே கழிந்திருக்கும். சரி, அதை விட்டுவிட்டீர்கள் என்றால் இன்னொரு வழி உண்டு: குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம், கழிந்த காத்திருப்புக் காலமும் கூடவே வரும். எச்.ஆர். தானாக வந்து சொல்ல மாட்டார்கள். ரிலீவிங் லெட்டர் வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

சுகர், பி.பி.யை மறைப்பது

பாலிசி விண்ணப்பத்தில் "அதையெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்கிற ஏஜென்டை மாற்றுங்கள்.

ரூம் வாடகை வரம்பைப் படிக்காமல் விடுவது

ஒரு நாள் ரூம் வாடகைக்குப் பல பாலிசிகளில் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டிய ரூமில் படுத்தால் வாடகையில் மட்டும் கை வைப்பார்கள் என்று நினைக்காதீர்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவு என்று பில்லின் பெரும்பகுதியையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

டாப்-அப்பும் சூப்பர் டாப்-அப்பும் ஒன்று என்று நினைப்பது

இல்லை. இரண்டுமே ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் வரும் செலவை மட்டும் தரும் கூடுதல் பாலிசிகள். டாப்-அப் அந்தத் தொகையை ஒவ்வொரு தடவைக்கும் தனியாகப் பார்க்கும், சூப்பர் டாப்-அப் வருடத்தின் எல்லா பில்களையும் கூட்டிப் பார்க்கும்; வாங்கினால் அதை வாங்குங்கள்.

இ.எஸ்.ஐ.யை மறப்பது

குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம்) இருந்து ஓய்வோ வி.ஆர்.எஸ்.ஸோ பெற்றவர்களுக்கு, ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் சிகிச்சை தொடரும். தகுதி இருந்தும் கேட்காமலே போகிறவர்கள் நிறைய பேர்.