புரோட்டீன் மடிப்ப சீக்வன்ஸ வச்சு கணிக்கிறப்போ நாம பண்ற தப்புகள்

ஒரு புரோட்டீனோட சீக்வன்ஸ, அதாவது அமினோ அமில வரிசைய, குடுத்தா அது மடிஞ்சு எடுக்கற வடிவத்த கணிச்சு சொல்ற ஏஐ டூல்தான் ஆல்ஃபாஃபோல்ட். அது வந்ததுக்கப்புறம் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ப்ராஜெக்ட் நிறைய ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஆயிடுச்சு. ஒரு நோயோட மியூட்டேஷன (சீக்வன்ஸ்ல வர்ற மாற்றத்த) எடுக்கறது, நார்மல் சீக்வன்ஸ் ஒண்ணு, மியூட்டேஷன் போட்டது ஒண்ணு, ரெண்டையும் கொலாப்ஃபோல்ட்ல (ஆல்ஃபாஃபோல்ட்ட சுலபமா ஓட்ற ஒரு வழி) குடுக்கறது, வர்ற ரெண்டு மாடலையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பாக்கறது, ரெண்டும் அச்சு அசலா பொருந்திடுச்சுன்னா "இந்த மியூட்டேஷனால பெரிய பாதிப்பு இல்ல"ன்னு முடிவுரை எழுதிடறது. இதுல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா இந்த ஒண்ணு புரிஞ்சா மத்ததுல பாதி தானா புரியும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு நுரையீரல பாதிக்கற பரம்பரை நோய எடுத்துக்கோங்க. சிஎஃப்டிஆர்னு ஒரு புரோட்டீன், 1480 அமினோ அமிலம். அதுல 508வது இடத்துல இருக்கற ஃபினைல்அலனைன் ஒண்ணே ஒண்ணு விட்டுப்போறதுதான் இந்த நோய்க்கு ரொம்ப பொதுவான காரணம். அந்த மியூட்டேஷன் இருக்கற பகுதிய மட்டும் தனியா கிரிஸ்டல் பண்ணி 2005ல கட்டமைப்ப வெளியிட்டாங்க, பாத்தா மொத்த வடிவம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு, 508க்கு பக்கத்துல மட்டும் லேசான மாற்றம். அதுவும் கிரிஸ்டல் ஆகணுங்கறதுக்காக வேற சில மியூட்டேஷனையும் சேர்த்துதான் அத நிலையா நிக்க வச்சாங்க. அப்போ நோய் எங்கிருந்து வருது? மடிஞ்சு முடிச்ச வடிவத்துல பெரிய கோளாறு இல்ல, மடிஞ்சு முடிக்கிறதுலதான் கோளாறு. செல்லுக்குள்ள இந்த மாதிரி புரோட்டீன் மடியற இடமான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்துல தரம் பாக்கற ஏற்பாடு ஒண்ணு இருக்கு, அது இந்த புரோட்டீன சரியா மடியலன்னு புடிச்சு நிறுத்தி, உடைக்க அனுப்பிடுது, செல்லோட மேல் சவ்வுக்கு போய் சேர்றது ரொம்ப கொஞ்சம்தான். லூமாகாஃப்டர், எலெக்ஸாகாஃப்டர் மாதிரி மருந்துங்க பண்றதே இந்த மடியற வேலைக்கு கைகொடுக்கறதுதான்.

ஆல்ஃபாஃபோல்ட் கத்துக்கிட்டது பிடிபில (சோதனையில கண்டுபிடிச்ச புரோட்டீன் வடிவங்களோட பொது தரவுத்தளம்) இருக்கற கட்டமைப்புகள வச்சு, அதாவது மடிஞ்சு நிலையா நின்னு படம் புடிக்க முடிஞ்ச புரோட்டீன்கள வச்சு. "இந்த சீக்வன்ஸ் மடிஞ்சா எப்படி இருக்கும்"ங்கற கேள்விக்கு அது அருமையா பதில் சொல்லும். "மடியுமா, எவ்வளவு உறுதியா நிக்கும், வழியில மாட்டிக்குமா" இதெல்லாம் வேற கேள்வி, அத அதுகிட்ட கேக்கவே இல்லியே. நிலைத்தன்மை எவ்வளவு குறையுதுன்னு பாக்கணும்னா ஃபோல்டெக்ஸ், ரோசெட்டா மாதிரி டூல்ஸ் தனியா இருக்கு, அதுலயும் ஒரு கிலோகலோரி அளவுக்கு பிசகும், அதனால சின்ன வித்தியாசத்த வச்சு பெரிய முடிவு எடுக்காதீங்க.

அடுத்தது ஸ்கோர். ஆல்ஃபாஃபோல்ட் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் நூத்துக்கு குடுக்கற பிஎல்டிடிடி 90க்கு மேல இருந்தா "ரொம்ப ஸ்டேபிள்"னு எழுதறாங்க, 50க்கு கீழ இருந்தா "மிஸ்ஃபோல்ட் ஆயிடுச்சு" (தப்பா மடிஞ்சிடுச்சு)ன்னு எழுதறாங்க, ரெண்டுமே தப்பு. அந்த நம்பர் சொல்றது மாடலுக்கு அந்த இடத்துல எவ்வளவு நம்பிக்கை இருக்குங்கறது மட்டும்தான். 50க்கு கீழ நூல் மாதிரி நீளமா தொங்குற பகுதி பெரும்பாலும் இயல்பாவே நிலையான வடிவம் இல்லாத பகுதியா இருக்கும், இல்லன்னா ஒப்பிட்டுப் பாக்க இதே மாதிரி மத்த சீக்வன்ஸ் போதுமான அளவு கிடைக்காததா இருக்கும் (சுமார் 30 சீக்வன்ஸுக்கு கீழ போனா துல்லியம் நல்லா அடி வாங்குது). ரெண்டு டொமைன் (புரோட்டீன்ல தனித்தனியா மடியற பகுதிங்க) ஒண்ணுக்கொண்ணு எப்படி உக்காந்திருக்குன்னு சொல்லப்போறீங்கன்னா பிஏஇ படத்த (ரெண்டு பகுதியும் இருக்கற இடம் எவ்வளவு பிசகலாம்னு மாடலே சொல்றது) பாக்காம சொல்லவே சொல்லாதீங்க.

ராமச்சந்திரன் பிளாட் பத்தியும் சொல்லியாகணும். மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963ல வெளியிட்டது, இன்னிக்கு வரைக்கும் உலகம் முழுக்க கட்டமைப்ப சரிபாக்க அதத்தான் போடறாங்க, எனக்கு அதுல ரொம்ப பெருமை உண்டு. ஆனா "98 சதவீதம் அனுமதிக்கப்பட்ட பகுதியில இருக்கு, அதனால மாடல் சரி"ன்னு எழுதறது அந்த பிளாட்டுக்கு பண்ற நியாயம் இல்ல. அது ஒவ்வொரு அமினோ அமிலத்தோட முதுகெலும்பு (நடு சங்கிலி) கோணத்தையும் தனித்தனியாதான் பாக்குது. கோணம் எல்லாம் சுத்தமா இருந்து மொத்த மடிப்பே தப்பா இருக்கவும் வாய்ப்பு இருக்கு.

சீக்வன்ஸ்தான் வடிவத்த முடிவு பண்ணுதுன்னு ஆன்ஃபின்சன் காட்டினாரு, 1972ல நோபல் வாங்கினாரு. அவர் பாத்தது ரைபோநியூக்ளியேஸ், 124 அமினோ அமிலம், டெஸ்ட் டியூப்ல தனியா. அத அப்படியே நீட்டி "ஒரு சீக்வன்ஸுக்கு ஒரே வடிவம்"னு எல்லாத்துக்கும் போடறதுதான் தப்பு. நரம்பு செல்கள்ல இருக்கற டாவ் புரோட்டீன பாருங்க. அல்சைமர் மூளையில இருந்து எடுத்த டாவ் இழைகள 2017ல கிரையோ-இஎம்ல (உறைய வச்சு பாக்கற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பாத்தாங்க, பிக்ஸ் நோய் (இன்னொரு வகை மறதி நோய்) மூளையில இருந்து எடுத்தத அடுத்த வருஷம் பாத்தாங்க, மடிப்பு வேற வேற! டாவ்ல சில வகைகள் உண்டு, எந்த வகை சேருதுங்கறதுல நோய்க்கு நோய் வித்தியாசமும் உண்டு, ஆனா இழையோட நடுப்பகுதில வர்ற சீக்வன்ஸ் பெரும்பாலும் பொதுவானதுதான், அதே துண்டு ஒரு நோய்ல ஒரு மாதிரி, இன்னொண்ணுல இன்னொரு மாதிரி மடியுது. பார்க்கின்சன்ஸோட சம்பந்தப்பட்ட ஆல்ஃபா-சைநியூக்ளின் இன்னும் நல்ல உதாரணம், ஆல்ஃபாஃபோல்ட் அதுக்கு நீளமா ஒரு ஹீலிக்ஸ் (சுருள்) காட்டும், நல்ல ஸ்கோரோடயே காட்டும். அது சவ்வுல ஒட்டியிருக்கறப்போ உள்ள வடிவம். தண்ணில தனியா இருந்தா அதுக்கு நிலையான வடிவமே கிடையாது, நோய்ல வர்ற இழையில பீட்டா ஷீட்டா (தட்டையான பட்டைகளா) அடுக்கி நிக்கும். இந்த மூணுல எத பத்தி பேசறோம்னு சொல்லாம "ஆல்ஃபா-சைநியூக்ளினோட கட்டமைப்பு"ன்னு ஒரு படத்த ஒட்டினா படிக்கிறவங்களுக்கு தப்பான தகவல்தான் போகும்.

டாங்கோ, அக்ரெஸ்கேன் மாதிரி திரளும் தன்மைய சொல்ற டூல்ஸ்லயும் கவனம் வேணும். நல்லா மடிஞ்ச ஏறக்குறைய எல்லா புரோட்டீன்லயும் இந்த ஹாட்ஸ்பாட் (திரளத் தூண்டுற பகுதி) இருக்கும், ஆனா உள்ள புதைஞ்சு பத்திரமா இருக்கும், அதனால வெறும் ஸ்கோர வச்சு நோய்னு சொல்லாதீங்க, அந்த பகுதி வெளிய வர வாய்ப்பு இருக்கான்னு பாருங்க. அதே மாதிரி திரள்றது எல்லாமே மிஸ்ஃபோல்டிங்கும் இல்ல. சிக்கிள் செல் ரத்தசோகையில வர்ற ஹீமோகுளோபின் சரியாத்தான் மடியுது, குளூட்டமிக் அமிலம் போய் வெளிப்பக்கம் வாலின் வந்து உக்காந்ததால, ஆக்சிஜன் இல்லாதப்போ பக்கத்து மூலக்கூறோட ஒட்டி நீள இழையாகுது.

கடைசியா, நீங்க குடுக்கற சீக்வன்ஸ். இன்சுலினுக்கு யூனிப்ராட்ங்கற புரோட்டீன் தரவுத்தளத்துல இருந்து ஃபாஸ்டாவ (சீக்வன்ஸ் இருக்கற ஃபைல்) அப்படியே எடுத்தா 110 அமினோ அமிலம் வரும், ஆனா ரத்தத்துல ஓடுற இன்சுலின்ல 51தான், மீதிய வெட்டி எறிஞ்சிடும். நம்பரும் இதனால மாறும், சிக்கிள் செல் மியூட்டேஷன பழைய பேப்பர்ல 6னு போட்டிருப்பாங்க, இப்போ 7னு போடுவாங்க, முதல் மெத்தியோனினையும் எண்றதால. இத கவனிக்காம தப்பான அமினோ அமிலத்த மாத்தி மாசக்கணக்கா வேலை பாத்தா எல்லாம் வீண்.

உங்க மியூட்டேஷன ஓட்றதுக்கு முன்னாடி இதே வழில சிஎஃப்டிஆர் 508 நீக்கத்த ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. அதையும் உங்க முறை "பாதிப்பு இல்ல"ன்னு சொல்லுச்சுன்னா, உங்க மியூட்டேஷனுக்கு அது சொல்ற "பாதிப்பு இல்ல"வ ரிப்போர்ட்ல போடாதீங்க, "கணிச்ச வடிவம் மாறல"ன்னு மட்டும் எழுதுங்க.