நட்ட தோப்பைக் காடு என்று எழுதியவர்கள்: இந்தோனேசிய வேளாண், வன ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுமத்ராவின் தென்மேற்குக் கரையில் குருய் என்றொரு பகுதி இருக்கிறது. கடலோரத்தை விட்டு மேட்டில் ஏறினால் ஓங்கிய மரங்கள், அடியில் புதர், கொடி, எங்கோ குரங்குச் சத்தம். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அசல் காடாகத்தான் தெரியும். அரசு வரைபடத்திலும் அதில் பெரும்பகுதி அரசு வனம் என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கே நிற்கும், பிசின் தரும் தாமார் மரங்களை நட்டவர்கள் அந்த ஊர்க்காரர்களின் பாட்டன்மார்.

நடும் முறையும் சும்மா இல்லை. ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி முதலில் நெல். அப்புறம் காபி, மிளகு. அவற்றின் இடையிலேயே தாமார் கன்று. காபி ஓயும்போது தாமார் தலைக்குமேல் வளர்ந்திருக்கும். துரியான், பெத்தாய் மாதிரி பழமும் காயும் தரும் மரங்களும் கலந்து நிற்கும். மரத்தில் முக்கோணக் குழி வெட்டிப் பிசின் எடுக்க இருபது, இருபத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இடுப்பில் பிரம்பு வாரைச் சுற்றிக்கொண்டு ஏறி, பிள்ளைகளும் பேரன்களும் எடுப்பார்கள். நம் ஊரில் குங்கிலியம் என்று வாங்கிப் புகை போடுகிறோமே, அதே குடும்பத்து மரப்பிசின்தான்.

இந்தத் தோப்புகளை 'ரெபோங் தாமார்' என்பார்கள். பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்களும் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளும் விவசாயிகளும் சேர்ந்து இவை நடப்பட்டவை என்று பல ஆண்டுகள் பொறுமையாக ஆவணப்படுத்தினார்கள். 1998 ஜனவரியில் வனத்துறை அமைச்சர் சுமார் 29,000 ஹெக்டேரைத் தனிப் பயன்பாட்டுப் பகுதி என்று அறிவித்து, அந்தத் தோப்புகளைப் பராமரிக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார். நிலம் என்னவோ அரசு வனமாகவேதான் தொடர்ந்தது. இருந்தாலும் அது சின்ன விஷயமில்லை.

ஆய்வுக்குப் பஞ்சமுள்ள நாடு என்று இந்தோனேசியாவைச் சொல்ல முடியாது. போகோர் தாவரவியல் பூங்கா 1817-இல் தொடங்கியது. 1848-இல் அங்கே நட்ட நான்கு எண்ணெய்ப்பனைக் கன்றுகளின் வாரிசுகள்தான் பின்னால் தென்கிழக்காசியா முழுக்கப் பரவின. பன்னாட்டு வன ஆய்வு மையமான சிஃபோர் 1993 முதல் அதே ஊரில் இயங்குகிறது. இவ்வளவு இருந்தும் கிராமத்துக்குப் போன ஆய்வுகள் சறுக்கிய இடங்கள் பல. அறிவியல் தெரியாமல் சறுக்கியது குறைவு. எதை அளப்பது என்பதைக் கேட்காமலே முடிவு செய்ததுதான் அதிகம்.

மண்ணை அளக்காமல் ஆளைக் குற்றம் சொல்வது

குருயிலிருந்து உள்ளே தள்ளி, அதே லாம்புங் மாகாணத்தில் சும்பர்ஜயா இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் மேற்கு ஜாவாவின் முன்னாள் போராளிகளை அரசே கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். அவர்களும் அப்புறம் வந்தவர்களும் மலைச்சரிவில் காபி போட்டார்கள். வே பெசாய் ஆற்றில் 90 மெகாவாட் நீர்மின் நிலையம் என்று பேச்சு வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. காபிக்காரர்கள் காட்டை அழித்ததால் மண் அரித்து அணைக்குள் வருகிறது என்றார்கள் அதிகாரிகள். 1990களில் ராணுவத்தை வைத்து, சில இடங்களில் யானைகளையும் கொண்டுவந்து, தோட்டங்களையும் வீடுகளையும் தள்ளினார்கள். 1998-இல் ஜனாதிபதி சுகார்த்தோவின் ஆட்சி போனதும் மக்கள் திரும்பி வந்து மறுபடி காபி நட்டார்கள்.

ஆய்வாளர்கள் சரிவுகளில் உட்கார்ந்து மண்ணரிப்பை அளந்தது இதற்கெல்லாம் பிறகுதான். இளம் காபி, முதல் இரண்டு மூன்று வருடம், மண்ணை நிறையவே விடுகிறது. அது உண்மை. ஆனால் நிழல் மரமும் பழமரமும் கலந்து, கீழே சருகு மெத்தை சேர்ந்த பழைய காபித்தோட்டம் மண்ணைப் பிடித்து வைப்பதில் காட்டுக்குப் பெரிதாகப் பின்தங்கவில்லை. ஆற்றில் வந்த வண்டலில் கணிசமான பங்கு நடைபாதைகள், சாலை ஓரம், சரியும் ஆற்றங்கரை, நிலச்சரிவு இவற்றிலிருந்து வந்தது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் மண்வகையைப் பொறுத்தே பெரிய வித்தியாசம் இருந்தது.

இந்த அளவீடுகள் கையில் இருந்ததால், சமூக வனம் என்ற திட்டத்தில் அங்கே குழுக்களுக்கு அனுமதி கேட்க முடிந்தது: மரம் கலந்த காபி வைத்துக்கொள், மிச்சமுள்ள காட்டைக் காப்பாற்று, நிலத்தில் இருக்கலாம் என்ற ஒப்பந்தம். அனுமதி கையில் இருந்தால்தான் ஒருவன் பத்து வருடம் கழித்துப் பலன் தரும் மரத்தை நடுவான். நாளைக்கே விரட்டுவார்கள் என்ற பயத்தில் இருப்பவனிடம் போய் மரம் நடச் சொல்லும் ஆய்வுத் திட்டங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். முதலில் நிலம் யார் பெயரில் என்று கேளுங்கள். மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் ஊர்களில் என்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். அங்கே பரம்பரை நிலம் தாய்வழியில் இறங்குவது. ஆண்களை மட்டும் கூட்டிவைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

மருந்தடித்தால் பூச்சி குறையும் என்று நம்புவது

புகையான் என்ற நெற்பூச்சியைக் காவிரிப் படுகை விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. தூரடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். ஜாவாவில் 1970களில் ஒரு முறை, 1985-86இல் மறுபடி ஒரு முறை இது பேயாட்டம் ஆடியது. இத்தனைக்கும் 1984-இல்தான் நாடு அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்திருந்தது.

மருந்து இல்லாமல் இல்லை. அரசு மானியத்தில், விலையில் பெரும்பங்கைக் கழித்து, தண்ணீர்பட்ட பாடாகக் கிடைத்தது. அதுதான் சங்கடமே. புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் வைக்கிறது. தெளிக்கும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. வெளியில் ஓடித்திரியும் சிலந்தியும், முட்டையை உறிஞ்சித் தின்னும் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் செத்துவிடும். பத்து நாளில் முட்டை பொரிக்கும்போது தின்ன ஆளில்லை. அடிக்க அடிக்க அதிகமானது. எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்கள் வந்தன. சில வருடத்தில் அவற்றையும் பூச்சி தாண்டிவிட்டது.

ஆய்வாளர்கள் இதை வயலிலேயே காட்டினார்கள். மருந்தடித்த வயலில் புகையான் பெருகியது, அடிக்காத வயலில் சிலந்திகள் அதைக் கட்டுக்குள் வைத்தன. 1986 நவம்பரில் ஜனாதிபதி ஆணை வந்தது: 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை. 1989-க்குள் மானியமும் போய்விட்டது. ஒரு ஆய்வு முடிவு இவ்வளவு வேகமாக ஆணையானது வேறெங்கும் அபூர்வம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இதைவிடப் பிடித்தது. மருந்தடிக்காதே என்று துண்டறிக்கை அடித்துக் கொடுக்கலாம், யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் 1989 முதல் 'செக்கோலா லாப்பாங்கான்', அதாவது வயல்வெளிப் பள்ளி. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு, நாற்று முதல் அறுவடை வரை வாரம் ஒரு நாள் காலையில் வயலில் இறங்கிச் செடியைப் பார்த்து, பூச்சியை எண்ணி, பார்த்ததைப் பெரிய தாளில் வரைந்து, அந்த வாரம் என்ன செய்வது என்று தாங்களே வாதாடி முடிவு செய்வது. கூண்டு போட்ட செடியில் சிலந்தியையும் புகையானையும் சேர்த்து விட்டு, எத்தனை மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். இளம் பயிரின் இலையைக் கத்தரியால் வெட்டிவிட்டு மகசூல் குறைகிறதா என்றும் சோதிப்பார்கள். பெரும்பாலும் குறையாது, இலையைப் புழு தின்றதும் மருந்துக்கடைக்கு ஓடிய ஆளுக்கு அது பெரிய பாடம். பத்தாண்டில் சுமார் பத்து லட்சம் விவசாயிகள் இந்தப் பள்ளிகளில் உட்கார்ந்தார்கள்.

பாலியிலும் இதே காலத்தில் இதே மாதிரி ஒரு கதை. சுபாக் என்ற பாசனச் சங்கங்கள் நீர்க்கோயில்களை மையமாக வைத்து, எந்த வயல் எப்போது நடவு, எப்போது தரிசு என்று ஒத்துப்பேசி முடிவு செய்வது வழக்கம். பசுமைப் புரட்சி அதிகாரிகளுக்கு இது சடங்காகத் தெரிந்தது. முடிந்தவரை அடிக்கடி நடு என்றார்கள். ஒரே நேரத்தில் தரிசாக விடுவது நின்றதும் பூச்சிக்கும் எலிக்கும் வருடம் முழுக்கச் சாப்பாடு. நீர்க்கோயில் அட்டவணை நீரையும் பூச்சியையும் ஒருசேர நிர்வகிக்கிறது என்பதை மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் கணினி மாதிரியால் காட்டிய பிறகு, வல்லுநர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். 2012-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

விவசாயி கணக்கைக் கேட்காமல் நம் கணக்கைப் போடுவது

ஜாவாவின் யோக்யகர்த்தா நகருக்குத் தென்கிழக்கே கூனுங்கிடுல். சுண்ணாம்புக்கல் மேடு, ஒரு காலத்தில் மொட்டை. 1960கள், 70கள் தொடங்கி விவசாயிகளே கல் இடுக்கில் தேக்கு நட்டு அதைப் பசுமையாக்கினார்கள். ஆய்வாளர்கள் வந்து பார்த்தால் மரங்கள் நெருக்கமாக, ஒல்லியாக, பக்கக்கிளையோடு நின்றன. பாதியை வெட்டிக் கலைத்து, கிளை கழித்து, மிச்சத்தைப் பருக்க விட்டால் நல்ல விலை. வனவியல்படி நூற்றுக்கு நூறு சரி.

விவசாயி கேட்கவில்லை. ஏனென்றால் அவனுக்கு அந்த மரம் வங்கிக் கணக்கு. 'தெபாங் புத்தூ' என்பார்கள், தேவைக்கு வெட்டு என்று அர்த்தம். பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு மரம், கல்யாணத்துக்கு நாலு மரம். வங்கியில் இருக்கும் பணத்தில் பாதியை, மிச்சம் நன்றாக வளரும் என்று சொல்லி, இன்றைக்கே எடுத்துவிடச் சொன்னால் யார் கேட்பார்? இது புரிந்தபின் கேள்வியே மாறியது. சிலர் தங்கள் நிலத்திலேயே கலைத்துக் காட்டும் சோதனைத் துண்டுகளை விட்டுக்கொடுத்தார்கள். பக்கத்துக்காரன் பருமனைத் தொட்டுப் பார்த்தான். இன்னொரு பக்கம், நிற்கும் மரத்தை ஈடாக வைத்து வெட்டைத் தள்ளிப்போடும் கடன் ஒன்றை அரசு நிதி அமைப்பு கொண்டுவந்தது. மரத்துக்கு வைத்தியம் தேடப்போய், கடைசியில் கைச்செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது.

சுமத்ராவின் ஜம்பி மாகாணத்து ரப்பர்க் காடுகளில் தவறு எதிர்ப்பக்கமாக நடந்தது. காட்டுமரங்களோடு கலந்து வளரும் அந்த நாட்டு ரப்பரில் பால் குறைவு, செலவும் குறைவு. அதிகம் பால் தரும் ஒட்டுக்கன்றைக் கொடுத்து, வரிசையில் மட்டும் களையெடுத்தால் போதும், இவர்களுக்கு ஆள்பலம் இல்லை என்று கணக்குப் போட்டுச் சோதனை வைத்தார்கள். விலையுயர்ந்த கன்று கைக்கு வந்ததும் பலர் நிலம் முழுக்கவே களையெடுத்துவிட்டார்கள். கன்று பிழைத்ததா என்பதைத் தீர்மானித்தது களையும் இல்லை, காட்டுப்பன்றியும் குரங்கும். அதோடு, பழைய தோப்பை மொத்தமாக வெட்டி எரித்துத்தான் புது நடவு செய்கிறார்கள் என்ற நினைப்பும் உடைந்தது. நிறையப் பேர் பழைய மரங்களின் இடைவெளியில் ஒவ்வொரு கன்றாகச் செருகிக்கொண்டே வந்தார்கள். 'சிசிப்பான்' என்று அதற்குப் பெயரே இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

பெரிய எண்ணில் மயங்குவது

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியில் உள்ள மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் சதுப்பை நெல்வயலாக்கப் போகிறோம் என்று 1995-இல் ஆணை போட்டார்கள். 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். மக்காத தழையும் வேரும் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த நிலம் அது. தண்ணீர் வடிந்தால் காய்ந்து அமுங்கும், தீப்பிடிக்கும், சில இடங்களில் அடியிலிருந்து அமிலம் மேலேறும். 1997-இல் எரிந்தது. 1999-இல் திட்டத்தை மூடினார்கள். வெட்டிய கால்வாய் மட்டும் வடித்துக்கொண்டே இருந்தது. 2015 பெருந்தீயிலும் அந்தப் பகுதி தப்பவில்லை.

அதே மண்டலத்தில் பஞ்சார், டயாக் மக்கள் தலைமுறைகளாக ஆற்றங்கரையிலிருந்து சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டி, ஏற்றவற்றத்தைப் பயன்படுத்தி நெல் வைத்தவர்கள். ஆழமான பீட்டுக்குள் அவர்கள் ஏன் போகவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். 2020-இல் உணவுத் தோட்டம் என்ற பெயரில் அதே நிலத்துக்கு மறுபடி போனார்கள் என்பது வேறு கதை.

ஒரு முறை சொல்லிக் கொடுத்தாயிற்று என்று கிளம்பிவிடுவது

திட்டங்களின் ஆயுள் மூன்று வருடம், ஐந்து வருடம். தாமார் பிசின் எடுக்க இருபது வருடம். இந்த இரண்டுக்கும் நடுவில் யார் இருப்பார்கள் என்பதைத் திட்ட அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. எத்தனை கன்று கொடுத்தோம் என்று எழுதுவார்கள். சுலாவெசியில் நடந்த வேளாண்காடு திட்டம் ஒன்று விவசாயிகளையே நாற்றங்காலும் ஒட்டுக்கட்டுதலும் பழக வைத்தது. அந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது. கன்று செத்தாலும் கையில் தொழில் நிற்கும்.

வயல்வெளிப் பள்ளி அவ்வளவு பெரிய வெற்றி என்றேன் அல்லவா. 1990களின் கடைசிக்குப் பிறகு பணம் குறைந்தது, பள்ளிகளும் குறைந்தன. கற்றவர்களுக்கு வயதாயிற்று, குத்தகைக்கு வந்த இளையவர்கள் கற்கவில்லை. மானியம் இல்லாவிட்டாலும் மலிவான மருந்துகள் விதவிதமான பெயரில் கடைக்கு வந்தன, கடைக்காரரே ஆலோசகரானார். 2010, 2011-இல் ஜாவாவில் வயல்கள் மறுபடி வட்டம் வட்டமாகத் தீய்ந்தன. மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று கிளாத்தேன். வயல்வெளிப் பள்ளிகள் முதலில் தொடங்கிய யோக்யகர்த்தாவுக்கு அது பக்கத்து மாவட்டம்தான்.