கோடிங் தெரியாமலே ஒரு திறமூலச் செயலியைத் தமிழாக்கலாம்

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமிக்குக் காலையில் மூன்று குளிசை, இரவில் இரண்டு. நேரம் தவறாமல் இருக்க அவருடைய போனில் மருந்து நினைவூட்டும் திறமூலச் செயலி (மூல நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தேன். மாமி போனைத் தமிழில்தான் பாவிக்கிறார். செயலியோ பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் இருந்தது. மீதியை நானே தமிழாக்கலாம் என்று ஒரு போயா விடுமுறையில் உட்கார்ந்தேன். அன்று படித்ததையும், அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். உலாவியும் தமிழ்த் தட்டச்சும் போதும்.

முதல் படி: மொழிபெயர்க்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது

செயலியின் 'பற்றி' பக்கத்தில் அல்லது திறமூலச் செயலிகளைத் தரும் எஃப்-டிரொயிட் தளத்தில் அந்தச் செயலியின் பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கான இணைப்பு இருக்கும். பெரும்பாலும் அது வெப்லேட் என்ற தளத்துக்குக் கொண்டுபோகும். செக் நாட்டு நிரலாளர் மிஹால் சிஹார் 2012இல் தொடங்கிய மென்பொருள் இது. இதுவும் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் உள்ள திறமூல மென்பொருள்தான். எஃப்-டிரொயிட், அன்டெனாபொட், நியூபைப் போன்ற செயலிகள் எல்லாம் இங்கேதான் மொழிபெயர்க்கப்படுகின்றன. இப்படியான தளங்கள் வேறும் உண்டு, ஆனால் தொடங்குபவர்களுக்கு நான் வெப்லேட்டைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வரியோடும் அதன் முன்பின் வரிகளைக் காட்டுகிறது, தவறு செய்தால் அந்த இடத்திலேயே எச்சரிக்கிறது.

இரண்டாம் படி: கணக்கு

மின்னஞ்சல் கொடுத்தோ, மூல நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் கணக்காலோ உள்ளே போகலாம். அதற்குப் பிறகு கணக்கு அமைப்புகளுக்குப் போய், கொமிட்டுக்கான (மாற்றத்தை மூல நிரலில் பதிவதற்கான) மின்னஞ்சல் என்ற இடத்தை ஒருமுறை பாருங்கள். நீங்கள் மொழிபெயர்க்கும் வரிகள் உங்கள் பெயரோடும் மின்னஞ்சலோடும் செயலியின் மூல நிரல் வரலாற்றில் பதியும். அதை யாரும் பார்க்கலாம், பிறகு எளிதில் அழிக்கவும் முடியாது. சொந்த முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்றால் வெப்லேட் தரும் மறைமுக முகவரியைத் தொடங்கும்போதே தெரிவுசெய்யுங்கள்.

மொழிப் பட்டியலில் 'தமிழ்' என்று மட்டும் இருப்பதில் வேலை செய்யுங்கள். 'தமிழ் (இலங்கை)' என்று புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம். போனில் தமிழ் (இலங்கை) என்று வைத்திருந்தாலும், அதற்கென்று தனிக் கோப்பு இல்லாவிட்டால் அன்ட்ரொயிட் பொதுத் தமிழை எடுத்துக்கொள்ளும். ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்ய இங்கே ஆள் இல்லை.

மூன்றாம் படி: விசைப்பலகை

இதைக் கணனியில் செய்யுங்கள், போனில் வேண்டாம். காரணம் அடுத்த படியில் வருகிறது. லினக்ஸ் என்றால் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளோடு எம்17என் பொதியையும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல் முறை, நம் ஊர் ரெங்கநாதன் என்ற விசைப்பலகை அமைப்புகள் எல்லாமே வந்துவிடும். விண்டோஸ் என்றால் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள். அதுவும் திறமூலம். நான் தமிழ்99 ஆள். பழகுவதற்கு ஒரு வாரம் போகும், பிறகு வேறெதையும் தொட மனம் வராது.

நான்காம் படி: இடம்பிடிப்பான்கள்

நான் தடுமாறிய இடம் இது. கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

செயலியின் வரிகளில் நடுவே விசித்திரமான குறிகள் வரும். சதவீதக் குறி, 1 என்ற இலக்கம், டாலர் குறி, கடைசியில் ஆங்கிலச் சிறிய எழுத்து 'எஸ்'. எழுத வசதியாக இதை [1] என்று சொல்கிறேன். அடுத்தது [2]. செயலி ஓடும்போது இந்த இடங்களில் உண்மையான பெயரோ நேரமோ வந்து உட்காரும்.

எனக்குக் கிடைத்த வரியின் ஆங்கிலத்தில் மருந்து முதலில் வந்தது, நேரம் பின்னால் வந்தது. அதாவது [1] மருந்து, [2] நேரம். தமிழில் நேரத்தைத்தான் முதலில் சொல்வோம். நான் எழுதியது இது:

[1] மணிக்கு [2] எடுக்கவும்

முதலில் வருவது 1, அடுத்து வருவது 2 என்று நினைத்துவிட்டேன். வெப்லேட் எச்சரிக்கவில்லை. இரண்டு குறிகளும் வரியில் இருந்ததால் அதன் பார்வையில் எல்லாம் சரி. அடுத்த வெளியீடு வந்தது, மாமியின் போனும் புதுப்பித்துக்கொண்டது. ஒரு காலையில் மாமி கூப்பிட்டார். போனில் 'பனடோல் மணிக்கு 8:00 எடுக்கவும்' என்று இருக்கிறதாம். "எட்டும் எடுக்கிறதோ தம்பி?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுச் செய்தாரே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். கேட்காமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

அந்த இலக்கம் வாக்கியத்தில் எத்தனையாவது இடம் என்பதைச் சொல்லவில்லை. உள்ளே வரப்போவது எது என்பதைச் சொல்கிறது. மருந்து எங்கே நின்றாலும் அது [1]தான், நேரம் எங்கே நின்றாலும் அது [2]தான். ஆகவே சரியான வரி:

[2] மணிக்கு: [1]

ஆங்கிலமும் தமிழும் சொற்களை வேறு வேறு வரிசையில் அடுக்குவதால்தான் அந்த இலக்கமே இருக்கிறது. நாம் தாராளமாக இடம் மாற்றலாம். குறிக்குள்ளே இருப்பதை மட்டும் தொடக்கூடாது. டாலர் குறிக்கும் 'எஸ்' எழுத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுந்தாலே அந்தத் திரையைத் திறக்கும்போது செயலி நின்றுவிடும். சில போன் விசைப்பலகைகள் தாங்களாகவே இடைவெளி போட்டுவிடும். கணனியில் செய்யச் சொன்னது அதனால்தான். குறியைக் கையால் தட்டச்சிடவும் வேண்டாம். ஆங்கில வரியில் நிறம் போட்டுக் காட்டியிருக்கும் குறியைச் சொடுக்கினால் அது அப்படியே உங்கள் பெட்டிக்கு வரும்.

சரி, [1]இல் வருவது மருந்தா நேரமா என்று எப்படித் தெரியும்? பல நேரம் ஆங்கில வரியே சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் வலப்பக்கத்தில் விளக்கமோ திரைப்பிடிப்போ (ஸ்கிரீன்ஷொட்) இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் அந்த வரியின் கீழேயே கேள்வி எழுதலாம், செயலியை எழுதியவருக்குப் போகும். மருந்து, பணம், தேதி வரும் வரிகளில் ஊகிக்க வேண்டாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஐந்தாம் படி: வேற்றுமை உருபு

'செல்வம்' என்ற பெயர் [1]இல் வருகிறது என்று வையுங்கள். '[1]க்கு அனுப்பு' என்று எழுதினால் திரையில் 'செல்வம்க்கு அனுப்பு' என்று வரும். செல்வத்துக்கு என்று மாற்ற இயந்திரத்துக்குத் தெரியாது. '[1]ஐ நீக்கவா?' என்பது 'பனடோல்ஐ நீக்கவா?' ஆகும். இதற்கு ஒரே வழி, குறியைத் தனியே நிற்க விடுவது. 'பெறுபவர்: [1]', 'இந்த மருந்தை நீக்கவா: [1]' என்று எழுதுங்கள். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எந்தப் பெயர் வந்தாலும் உடையாது.

ஒருமை பன்மைக்கு இரண்டு பெட்டி வரும். தமிழில் 1க்கு மட்டும் ஒருமை, மற்ற எல்லாவற்றுக்கும் பன்மை. ஒருமைப் பெட்டியிலும் இலக்கக் குறியை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: எந்தத் தமிழ்?

மாமிக்குக் குளிசைதான் வாயில் வரும், மாத்திரை அல்ல. செயலியில் நான் 'மாத்திரை' என்றே எழுதினேன். அதே கோப்பைச் சென்னையிலும் கோலாலம்பூரிலும் வாசிப்பார்கள், அங்கே குளிசை என்றால் பலருக்குப் பிடிபடாது. மாத்திரை என்றால் நம் ஊரிலும் எல்லோருக்கும் விளங்கும். தரவிறக்கு, பதிவிறக்கு என்ற சொற்களிலும் இதே கேள்வி வரும். எனக்குத் தரவிறக்குதான் பிடிக்கும். ஆனால் ஏற்கெனவே ஒருவர் நூறு வரிகளில் பதிவிறக்கு என்று எழுதியிருந்தால் நானும் அதையே எழுதுவேன். ஒரே செயலியில் இரண்டும் கலந்து வந்தால் வாசிப்பவர் அவை இரண்டு வேறு வேலைகள் என்று நினைப்பார். தொடங்கும் முன் அந்தத் திட்டத்தின் சொற்களஞ்சியத்தைத் திறந்து பாருங்கள்.

பொத்தான்களுக்குச் 'சேமி', 'நீக்கு' போதும். 'சேமிக்கவும்' என்று எழுதினால் சின்னத் திரையில் பாதி வெட்டுப்பட்டுவிடும். மரியாதைக் குறைவு என்று ஒரு நண்பர் சொன்னார். மாமியிடம் கேட்டேன், அவருக்கு அப்படித் தோன்றவில்லை. முழு வாக்கியங்களில் மட்டும் 'வும்' சேர்க்கிறேன்.

இயந்திர மொழிபெயர்ப்பு பக்கத்திலேயே பரிந்துரையாக வரும். ஒரு சொல் நினைவுக்கு வராதபோது பார்ப்பேன். அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. உறுதியில்லாத வரிகளைத் 'திருத்தம் தேவை' என்று குறித்து வைக்கலாம், அல்லது பரிந்துரையாக மட்டும் விடலாம்.

ஏழாம் படி: போனில் பார்ப்பது

சேமித்தவுடன் செயலியில் வராது. வெப்லேட் மாற்றங்களைச் சேர்த்துவைத்து, வழக்கமாக 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் கொமிட் செய்யும். அதைச் செயலியை எழுதியவர் இணைக்க வேண்டும், அடுத்த பதிப்பு வர வேண்டும். எஃப்-டிரொயிட் மூல நிரலிலிருந்து தானே கட்டி எடுப்பதால் அங்கே இன்னும் சில நாள் ஆகலாம். காத்திருக்க முடியாதவர்கள் சோதனைப் பதிப்பு இருந்தால் அதை நிறுவிப் பார்க்கலாம். நான் இப்போது சோதனைப் பதிப்பில் பார்க்காமல் மாமியின் போனுக்கு எதையும் விடுவதில்லை.

அன்ட்ரொயிட் 13 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி மொழி வைக்கலாம். போன் முழுவதையும் தமிழுக்கு மாற்றாமல் இந்தச் செயலியை மட்டும் தமிழில் வைத்துத் திரை திரையாகப் பாருங்கள். வெட்டுப்பட்ட சொல், மாறி நிற்கும் இலக்கம் எல்லாம் அங்கேதான் கண்ணில் படும்.

வாசகர்கள் கேட்டவற்றால் சேர்த்தவை

எழுதியதெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது என்று ஒருவர் படம் அனுப்பினார். அவர் பாமினி எழுத்துருவில் இருந்த பழைய ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். பாமினி, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் அல்ல. எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். விரல்கள் பாமினிக்குப் பழகியிருந்தால் அதை விட வேண்டியதில்லை. இ-கலப்பையில் பாமினி அமைப்பைத் தெரிவுசெய்தால் அதே விசைகளில் யூனிகோட் வரும். பழைய ஆவணங்களை முதலில் யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள்.

சோதனைப் பதிப்பை இனி நிறுவ முடியாமல் போகுமா என்று இன்னொருவர் கேட்டார். 2025 ஆகஸ்டில் கூகிள் அறிவித்ததைப் பற்றித்தான் அந்தக் கேள்வி. சான்று பெற்ற அன்ட்ரொயிட் போன்களில், அடையாளம் உறுதிசெய்த உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே நிறுவ முடியும் என்ற விதி அது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரியும் என்றார்கள். இந்த விதி தன் இருப்பையே பாதிக்கும் என்று எஃப்-டிரொயிட் வெளிப்படையாக எதிர்த்தது. அதன் பிறகு நவம்பரில், ஆபத்தை உணர்ந்து நிறுவ விரும்பும் அனுபவமுள்ளவர்களுக்குத் தனி வழி தருவதாகக் கூகிள் சொன்னது. கணனியோடு கேபிளால் இணைத்து ஏடிபி என்ற கருவி வழியாக நிறுவுவதும் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் இப்போதே ஏடிபி பழகிக்கொள்வது நல்லது. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

கடைசியாக வந்த கேள்வி: முழுவதும் தமிழாக்கியும், போனின் செயலி மொழிப் பட்டியலில் தமிழே வரவில்லை. இது மொழிபெயர்ப்பாளரின் தவறல்ல. தான் எந்தெந்த மொழிகளில் இருக்கிறது என்ற பட்டியலைச் செயலியே கொடுக்க வேண்டும். சில திட்டங்களில் அந்தப் பட்டியலைக் கையால் எழுதியிருப்பார்கள், புதிய மொழியைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். திட்டத்தின் கிட்ஹப் பக்கத்தில், தமிழ் மொழிபெயர்ப்பு முடிந்தது, மொழிப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் கேளுங்கள். நான் கேட்ட இடத்தில் அன்றிரவே சேர்த்துவிட்டு, தமிழில் நன்றி எப்படி எழுதுவது என்று திருப்பிக் கேட்டார்கள்.