தர வரிசையை இயல்நிலை மதிப்பெண்ணாக மாற்றுவது எப்படி?

சுவைச் சோதனைக்கு வருபவர்களிடம் ஐந்து காபிகளைக் கொடுத்து, பிடித்த வரிசையில் அடுக்கச் சொல்வேன். அந்த 1, 2, 3, 4, 5-ஐ அப்படியே சராசரி எடுக்க எனக்கு மனசு வராது. விருப்பம் இயல்நிலைப் பரவலில் (நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் அரிதாகவும் அமையும் மணி வடிவப் பரவல்) இருந்தால், ஓரத்து இடைவெளிகள் நடுவில் உள்ளதைவிடப் பெரியவை.

புள்ளியியலாளர் ப்ளோம் 1958-இல் தந்த சூத்திரத்தைத்தான் நான் பயன்படுத்துகிறேன். மிகப் பிடித்ததற்கு 5, பிடிக்காததற்கு 1 என்று முதலில் திருப்பி எழுதுங்கள்; பலர் சறுக்குவது இங்கேதான். தரத்தில் 0.375 கழியுங்கள். அதை, காபிகளின் மொத்த எண்ணிக்கையோடு 0.25 கூட்டி வருவதால் வகுங்கள். தரம் 5-க்கு 4.625 ÷ 5.25 = 0.881. இயல்நிலை அட்டவணையில் அதற்கு நேரே இசட் மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) 1.18. இதுதான் இயல்நிலை மதிப்பெண். ஐந்துக்கும் சேர்த்து: −1.18, −0.50, 0, 0.50, 1.18. ஓரத்தில் 0.68 தூரம், நடுவில் 0.50 தூரம். பார்த்தீர்களா?

5-ஐ வெறுமனே 5-ஆல் வகுத்துவிடாதீர்கள். 1 வரும், அதன் இசட் முடிவிலி; எக்செல் பிழை காட்டும்.

2, 3-ஆம் தரங்கள் சமமானால் இரண்டுக்கும் 2.5 போடுங்கள், மதிப்பெண் −0.24.

சமநிலை சொல்லாத ஒவ்வொருவரின் கூட்டலும் பூஜ்யமா என்று சரிபார்த்த பிறகே மாறுபாட்டுப் பகுப்பாய்வுக்கு (காபிகளின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை) போங்கள். இல்லையென்றால், ஏதோ ஒரு தரம் தவறாக ஏறியிருக்கிறது.