எக்செலில் சிதைந்த தமிழை மீட்ட வழி

சென்னை முகவரிப் பட்டியல் ஒன்று சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) வந்தது. இரட்டைச் சொடுக்கில் எக்செலில் திறந்தால் தமிழ் முழுக்கச் சிதைந்து, வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி வரிக்கு வரி தெரிந்தது. அந்தக் குறிதான் துப்பு. எல்லா மொழி எழுத்துகளையும் எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘க’ என்பது 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள் (கணினி சேமிக்கும் சிறு அலகுகள்); மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய விண்டோஸ்-1252 முறையில் 174 என்றால் அந்த வட்ட ஆர். ஆக, கோப்பு நன்றாகவே இருக்கிறது, எக்செல் படித்த முறைதான் தவறு.

சேமிக்காமல் மூடினேன். வெற்றுத் தாளில் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போய், ஃபைல் ஆரிஜினில் 65001 (யுடிஎஃப்-8க்கான எண்) தேர்ந்தெடுத்ததும் தமிழ் சரியாக வந்தது. சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ வகையைத்தான் எடுக்க வேண்டும். அது கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற அடையாளத்தைச் சேர்ப்பதால் அடுத்த முறை நேராகத் திறக்கும். வெறும் சிஎஸ்வியாகச் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறியாகிவிடும். அவற்றை மீட்கவே முடியாது. தயவுசெய்து மூலக் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் வையுங்கள்.

லேபிள் அச்சிடும் மென்பொருளில் இன்னொரு சிக்கல். ‘திருவல்லிக்கேணி’ கண்ணுக்கு 8 எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகச் சேர்வதால் கணினிக்கு 15 குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்றாக 45 பைட்டுகள். ஊர்ப் பெயருக்கு 30 பைட்டுதான் ஒதுக்கியிருந்ததால் ‘திருவல்லிக’ என்று அறுந்தது. அளவை 120 பைட்டாக உயர்த்தியதும் முழுப்பெயரும் விழுந்தது.